நிகர எடை

நாலாவது லாரி மேடையில் ஏறி நின்றபோது
திரை கறுத்தது.
உள்ளே விசிறி இரண்டு சுற்று சுற்றி
போதுமென்று நின்றுகொண்டது.
மூன்று பீப். கொஞ்சம் மௌனம். மறுபடி மூன்று பீப்.

வாலிநோக்கம் உப்பளத்தில் எடைமேடைக்கு நான்தான் ஆள்.
செய்யதம்மாள், வாரச் சம்பளம்.
உப்பை நான் தொடுவதில்லை,
எண்ணாகத்தான் வரும் என்னிடம்.
மொத்த எடையில் வெற்று வண்டியைக் கழித்தால்
சீட்டில் விழுவது உப்பு.

சாத்தையா அண்ணன் சன்னலில் தலையை விட்டார்.
"என்னம்மா, கண்ண மூடிருச்சா?"
"போர்டு போச்சுண்ணே."
"எங்க போச்சு?"
சிரிக்க நேரமில்லை. பின்னால் ஆறு வண்டி.

வாரண்டிக்கு இன்னும் நாற்பத்தேழு நாள் இருந்தது.
பில்லும் இருந்தது, பில்லில்தான் ஒன்றுமில்லை.
அந்த வழவழப்புத் தாளில்
கடையின் பெயரைக்கூட வெயில் தின்றிருந்தது.
வாங்கிய அன்றே போனில் படமெடுத்தேன், தப்பித்தேன்.
படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல்,
விரலுக்கடியில் தேதியின் பாதி.

ஏர்வாடி, கீழக்கரை தாண்டும்வரை
அட்டைப்பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள், "முட்டையா?"
"அது மாதிரிதான்."

கேணிக்கரையில் மாடியேறினால் சர்வீஸ் சென்டர்.
ஏசி. டோக்கன் இருபத்துமூன்று.
ஜெரோன் என்று சட்டையில் எழுதியிருந்த பையன்
போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"தண்ணி கிண்ணி கொட்டுனீங்களா?"
"இல்ல."
"டீ?"
"இல்ல தம்பி."
லென்ஸை என் பக்கம் நகர்த்தினான்.
செப்புக் கோடுகளின் முனையில் பச்சை பூத்திருந்தது,
பாறையில் பாசி படர்வதுபோல.
அழகாகத்தான் இருந்தது.
"ஈரச் சேதம்க்கா. வாரண்டில வராது."

அட்டையை விரித்தேன்.
பன்னிரண்டு பக்கத்தில் ஒரே பக்கம் தமிழ்.
பஸ்ஸில் அதை மூன்று தரம் படித்திருந்தேன்.
எடை பார்க்கிறவளுக்கு
ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் உறுத்தும்.
"திரவம் சிந்துதல்னு போட்டிருக்கு. பூச்சி இருக்கு,
இடி இருக்கு, போர்கூட இருக்கு.
காத்துன்னு எங்க இருக்கு, காட்டு."

எங்கள் ஊரில் கதவுக் கீலுக்கு யார் டீ கொட்டினார்கள்?
சைக்கிள் செயினுக்கு?
பீரோவுக்குள் பூட்டி வைத்த கத்திரிக்கோலுக்கு?
இதெல்லாம் நான் சொல்லவில்லை. நினைத்தேன்.
சொன்னது ஒன்றுதான்:
"வித்தவங்களுக்கு விலாசம் தெரியும்.
விலாசத்துலயே உப்பளம்னு இருக்கு."

அவன் படித்தான். திரும்பவும் படித்தான்.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்
யாருடனோ நெடுநேரம் பேசினான்.
வந்து உட்கார்ந்து, 'காரணம்' என்ற கட்டத்தில்
எழுதியிருந்த ஈரத்தை அடித்துவிட்டு
'இயங்கவில்லை' என்று எழுதினான்.
"எனக்கு பாம்பன்க்கா" என்றான் தலை நிமிராமல்.
"எங்க வீட்டு டிவியும் இப்படித்தான்."

பதினொரு நாள் மூட்டைக்கணக்கில் ஓடியது.
மூட்டைக்கு ஐம்பது கிலோ என்பது ஒரு நம்பிக்கை.
நோட்டில் எழுதினேன், சண்டை போட்டேன்,
என் எழுத்து எனக்கே புரியாமல் ஒருதரம்
முதலாளியிடம் ஏச்சும் வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பார்சல் வந்தது.
புதுசில்லை. பழுது நீக்கியது.
யாரோ ஒட்டிப் பிய்த்த லேபிளின் பிசின்
ஒரு மூலையில் இன்னும் ஒட்டியது.
பழையதைக் கேட்டேன். தரமாட்டார்களாம்,
சென்னைக்குப் போய்விட்டதாம்.
அப்படியானால் அதில் பூத்த உப்பும் போயிருக்கும்,
நான் எடை போடாமல்
இந்த வாசலைத் தாண்டிய உப்பு அது ஒன்றுதான்.

மாட்டினேன். ஒரே பீப்.
மேடையில் சாத்தையா அண்ணன் வண்டி.
சீட்டு கிர்ரென்று வெளியே வந்தது.
எடை சரி, வண்டி எண் சரி.
தேதி மட்டும் ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

அண்ணன் சீட்டை வெயிலுக்கு நேரே பிடித்தார்.
"அப்ப எனக்கு இந்த லாரியே கிடையாதேம்மா,
கடனும் கிடையாது."
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
பின்னால் ஹாரன்.
"குடுங்கண்ணே, மாத்தித் தர்றேன்" என்றேன்.
அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
இன்னொன்று அடிக்கச் சொன்னார்.